சின்னாற்று நீர்மருது: 33 மீட்டரா, 24 மீட்டரா?

பெரிய மரங்களின் சுற்றளவையும் உயரத்தையும் அளப்பது பற்றிப் பேச்சு வந்தால், என்னிடமும் ஒரு கதை இருக்கிறது. ஒகேனக்கல்லுக்கு மேலே, சின்னாற்றங்கரையில் ஒரு நீர்மருது. வனத்துறையில் அனுமதி வாங்கி, காவலர் ஒருவரோடு நானும் நண்பரும் போனோம். "மூணு ஆள் சேர்ந்து கட்டிப் பிடிக்கணும் சார்" என்றார் காவலர். மிகை என்று நினைத்தேன். மூவரும் கட்டிப் பிடித்துப் பார்த்தோம், விரல் எட்டவில்லை.

சுற்றளவைத் தரையிலிருந்து 1.37 மீட்டரில், அதாவது நாலரை அடியில் எடுக்க வேண்டும். சரிவில் நிற்கும் மரத்துக்கு அந்த நாலரை அடியை மேட்டுப் பக்கத்திலிருந்து கணக்கிட வேண்டும். நாங்கள் ஆற்றுப் பள்ளத்தில் நின்றபடி டேப்பைச் சுற்றிவிட்டோம். நீர்மருதுக்கு அடி அகலம், 6.40 மீட்டர் வந்தது. மேட்டில் ஏறி மறுபடி சுற்றினால் 5.60. வழவழவென்ற பட்டையில் டேப் வழுக்கிக்கொண்டே இருந்தது வேறு.

உயரத்தில்தான் உண்மையான கூத்து. 30 மீட்டர் தள்ளி நின்று, செல்போனில் கோணம் பார்த்துக் கணக்குப் போட்டால் 33 மீட்டர். எதிர்க்கரையில் அதே தூரத்தில் நின்றால் 24! செல்போனைத் திட்டிவிட்டு உட்கார்ந்து யோசித்தபோதுதான் புரிந்தது. உச்சிக் கிளை அடிமரத்துக்கு நேர்மேலே இல்லை, எங்கள் கரைப்பக்கம் ஐந்து மீட்டர் போல நீட்டிக்கொண்டிருந்தது. கிட்டே வந்த கிளை உயரமாகவும், தள்ளிப் போன கிளை குட்டையாகவும் கணக்கில் விழுந்திருக்கிறது. அப்புறம் லேசர் தூரமானியை இரவல் வாங்கிப் போய், கண்ணிலிருந்து கிளை நுனிவரை நேர்த்தூரம் எடுத்து, கோணத்தின் சைன் (sine) மதிப்பால் பெருக்கினோம். கண் மட்டத்துக்குக் கீழே உள்ளதையும் கூட்டினால் 28 சொச்சம்.

அன்றைக்கு இன்னொரு தரம் அளந்திருப்போம். புதர் ஓரம் ஆவி பறக்கும் யானைச் சாணியைக் காட்டி, "கெளம்பலாம் சார்" என்றார் காவலர்.

---

(இன்னொருவர்) பென்னாகரத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் தோட்டத்துப் புளியமரத்தில் சரியாக நாலரை அடியில் பானை மாதிரி ஒரு முடிச்சு. அதன்மேல் டேப் போட்டால் 4.10 மீட்டர். முடிச்சுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று எடுத்துச் சராசரி பார்த்தால் 3.45தான். ஊருக்கெல்லாம் நாலு மீட்டர் என்று சொல்லி வைத்திருந்த அப்பாவுக்கு இன்னும் என்மேல் கோபம்.