அரைப்பா, நுணுக்கலா?

வெள்ளவத்தையிலிருந்து:
அன்பர்களே, மருந்தாளர் பயிற்சிக் கைந்நூல் வெள்ளிக்கிழமை கொட்டாஞ்சேனை அச்சகத்துக்குப் போகிறது. இரண்டு சொற்களில் முட்டி நிற்கிறேன். மருந்துக் கரைசலைச் சூடான வளிக்குள் நுண்துளிகளாகத் தெளித்து, கணத்தில் தூளாக்குவது ஒன்று. மூச்சோடு உள்ளிழுக்கும் மருந்துக்காகத் தூளின் பருமனை 5 மைக்கிரோமீற்றருக்குக் கீழே கொண்டுவருவது மற்றது. பருத்த தூள் தொண்டையிலேயே தங்கிவிடும், நுரையீரலுக்குப் போகாது. 'தெளித்துலர்த்தல்', 'நுண்ணரைப்பு' என்று எழுதியிருக்கிறேன். சரியா?

பம்பலப்பிட்டியிலிருந்து:
தம்பி, முதற்சொல் நன்று. இரண்டாவதற்கு நான் உடன்படமாட்டேன். அரைப்பதென்றால் இரண்டு பரப்புகளுக்கு நடுவே பொருள் அகப்பட வேண்டும். இந்த வேலையைச் செய்யும் தாரை ஆலையில் (jet mill) கல்லும் இல்லை, சுழலும் உறுப்பும் இல்லை. தட்டையான வட்ட அறைக்குள் உயர் அமுக்க வளி சாய்வாகப் பாய்கிறது. துணிக்கைகள் ஒன்றோடொன்று மோதி உடைகின்றன. நுணுங்கியவை நடுவழியே வெளியேற, பருத்தவை விளிம்போரம் சுற்றிச் சுற்றி மறுபடியும் மோதுகின்றன. இதற்கு 'நுணுக்கல்' என்று நம்மிடமே சொல் இருக்கிறது. 'நுண்மாண் நுழைபுலம்' என்பதிலுள்ள அதே நுண். நுணுகு, நுணங்கு, நொய், நொறுங்கு, ஏன், நுங்கு வரைக்கும் ஒரே வேர்தான் என்பேன். அது தனி மடலுக்குரியது.

தெஹிவளையிலிருந்து:
ஐயா, நுங்கை விட்டுவிடுங்கள். 'நுணுக்கம்' என்றதும் என் மாணவிகளுக்கு நுட்பம்தான் நினைவுக்கு வரும். 'நுணுக்கல் இயந்திரம்' என்றால் ஏதோ நுட்பமான இயந்திரம் என்று எழுதிவைப்பார்கள். மிளகாய் மில்லுக்குள் மட்டும் அம்மியா கிடக்கிறது? 'அரைக்கக் கொடுத்தேன்' என்றுதானே எல்லோரும் சொல்கிறோம்?

கொட்டாஞ்சேனையிலிருந்து:
சித்த மருத்துவர்கள் சூரணத்தை இடித்து, துணியில் சலிப்பதை வஸ்திரகாயம் என்பார்கள். வடசொல்தான், ஆனாலும் பரம்பரையாகப் புழங்கியது. அதை யாரும் கவனிக்கவே இல்லையே? இன்னொன்று: 'துணிக்கை' என்று எழுதினால் தமிழ்நாட்டு வாசகருக்குப் புரியாது, 'துகள்' என்று மாற்றலாம்.

தெஹிவளையிலிருந்து:
சலிப்பது வேறு, உடைப்பது வேறு. கைந்நூல் இங்குள்ள பிள்ளைகளுக்கு. பள்ளிக்கூடத்தில் படித்த துணிக்கையே இருக்கட்டும்.

வெள்ளவத்தையிலிருந்து:
தனி மடல்களையும் சேர்த்துப் பார்த்தால் 'நுண்ணரைப்பு' பக்கம்தான் ஆட்கள் அதிகம். அதையே அனுப்புகிறேன்.

பம்பலப்பிட்டியிலிருந்து:
அனுப்புங்கள். கல்லில்லாமல் அரைபடுவது எப்படியென்று வகுப்பில் கேட்பார்கள். பதிலை இப்போதே யோசித்துவையுங்கள். படத்தின் கீழாவது 'நுணுக்கல்' என்று போட இடமிருக்கிறதா?