ஊரா, வர்க்கமா: ஜெர்மனியில் ஆளைத் தாழ்த்துவது எது?

லைப்சிக் வாசி:
கிழக்கு, மேற்கு என்ற பேதம், இரு ஜெர்மனிகளும் ஒன்றிணைந்த 1990 அக்டோபர் 3 அன்றே முடிந்துவிட்டது என்று இங்கே ஒருவர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மேற்கிலுள்ள ஸ்டுட்கார்ட்டில் கணக்காளர் வேலைக்கு விண்ணப்பித்த ஒரு பெண்ணின் தன்விவரக் குறிப்பைத் திருப்பி அனுப்பியபோது, அதில் 'ஒஸ்ஸி' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கழித்தல் குறியும் போட்டிருந்தார்கள். கிழக்கத்தியரை இளக்காரமாகச் சுட்டும் சொல் அது. அவரோ பெர்லின் சுவர் விழும் முன்பே மேற்கே குடிவந்தவர். இது இனப் பாகுபாடு என்று வழக்குத் தொடுத்தார்; கிழக்கு ஜெர்மானியர் தனி இனக்குழு அல்லர் என்று கூறி, 2010 ஏப்ரலில் தொழிலாளர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.

ஹாம்பர்க் வாசகர்:
தீர்ப்பு சரியானதே, ஐயா. நாற்பதாண்டுப் பிரிவினையை வைத்து ஒரே மொழி பேசும் மக்களை வேற்றினம் என்று அறிவிப்பது அதைவிடப் பெரிய அவமானம். கிழக்கில் வளர்ந்த மேர்க்கெல் 16 ஆண்டுகள் நாட்டை ஆளவில்லையா? உண்மையான வேலி பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிந்ததுமே, பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் கிம்னாசியத்துக்குப் போவோர் யார், போகாதோர் யார் என்று பிரித்துவிடுகிறார்கள். எங்கள் நகரில் பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் காலத்தை ஆறாண்டாக்க முயன்றபோது, 2010 ஜூலை வாக்கெடுப்பில் அது தோற்றது. வசதியானோர் பகுதிகளில் திரண்டு வந்து வாக்களித்தார்கள், ஏழைப் பகுதிகளில் பலர் வரவே இல்லை. என் மகளோடு படித்த ஒரு பையனின் தாய் அலுவலகங்களைத் துப்புரவு செய்பவர். கிம்னாசியத்துக்குப் போதிய மதிப்பெண் இருந்தும், "வீட்டில் சொல்லிக்கொடுக்க யார் இருக்கிறார்கள்?" என்று ஆசிரியர் கேட்டதை அந்தத் தாய் என்னிடம் சொன்னபோது, பள்ளியின் பரிந்துரைக் கடிதம் நான்காக மடிந்து அவர் கைக்குள் இருந்தது.

லைப்சிக் வாசி:
மேர்க்கெலே 2021 அக்டோபர் 3 அன்று ஹாலே நகரில் மனம் நொந்து பேசினார். தம் கட்சியைச் சார்ந்த அறக்கட்டளையின் நூல் ஒன்று, அவருடைய கிழக்கு ஜெர்மனி வாழ்க்கையைச் சுமை என்று குறித்திருந்தது. அரசியலமைப்பின் மூன்றாம் பிரிவு, பிறந்த மண்ணையும் குடிப்பிறப்பையும் காட்டி ஒருவரைத் தாழ்த்தக் கூடாது என்கிறது. வேலைக்கு எடுப்போரைக் கட்டுப்படுத்தும் 2006ஆம் ஆண்டின் சமநடத்தைச் சட்டத்திலோ அவ்விரண்டும் இல்லை. அந்தப் பெண் தோற்றது இந்த இடைவெளியில்தான்.

ஹாம்பர்க் வாசகர்:
அந்த இடைவெளியை அடைக்க வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் முதலில் சமூகப் பின்னணியைச் சேர்க்கட்டும். கிழக்கிலுள்ள சாக்சனி மாநிலத்தின் பேச்சுவழக்கைக் கேட்டு நகைப்பவர்கள்கூட, அதைப் பேசுபவர் மருத்துவர் என்று தெரிந்தால் அடங்கிவிடுகிறார்கள்; துப்புரவு செய்பவர் எந்த வழக்கில் பேசினாலும் அவர் மகனிடம் அதே கேள்விதான் கேட்கிறார்கள்.