பாக் சோய் வதக்கினா தண்ணி விட்டு கொழகொழன்னு ஆயிடுது, என்ன பண்றது?

கேள்வி:
அம்மாவுக்கு பால் ஒத்துக்காது, கால்சியத்துக்காக பாக் சோய்ங்கிற சீனக் கீரைய வாங்க ஆரம்பிச்சேன். எப்ப வதக்கினாலும் தண்டு வேகாம நிக்குது, இலை கரைஞ்சு போகுது, கடாய் பூரா தண்ணி, வாயில வச்சா மண்ணு வேற நறநறங்குது. இதுல நெஜமாவே கால்சியம் இருக்கா, இல்ல பாலக்கே போதுமா?

பதில் 1:
தண்டையும் இலையையும் ரெண்டு தனித்தனி காயா நெனச்சுக்கோங்க, பாதி பிரச்சனை தீந்துடும். அடிய வெட்டி ஒவ்வொரு தண்டா பிரிச்சு கழுவுங்க, தண்டெல்லாம் சேர்ற அந்தக் குழியிலதான் மண்ணு பதுங்கி இருக்கும். இதுல 95 சதவீதம் தண்ணிதான், அதனால கழுவினத துணில நல்லா ஒத்தி எடுத்து, கடாய் நல்லா காய்ஞ்சதும் எண்ணெய், நசுக்கின பூண்டு, அப்புறம் தண்டு மட்டும் ரெண்டு நிமிஷம். தண்டோட ஓரம் கண்ணாடி மாதிரி ஆகும் பாருங்க, அப்ப இலையப் போட்டு அரை நிமிஷம் பெரட்டி இறக்கிடுங்க. மூடி போடவே கூடாது, உப்போ சோயா சாஸோ கடைசியிலதான். கடாய் சின்னதுன்னா ரெண்டு தடவையா வதக்குங்க.

பதில் 2:
கால்சியம் இருக்குங்க. 100 கிராமுக்கு சுமார் 105 மில்லிகிராம், பாலக்லயும் கிட்டத்தட்ட அதே அளவுதான், ஆனா பாலக்ல ஆக்ஸலேட் ஜாஸ்தி, அது கால்சியத்தப் புடிச்சு வச்சுக்கும், உடம்புல சேர்றது 5 சதவீதம் போல. பாக் சோய்ல பாதிக்கு மேல சேருது. இருந்தாலும் ஒருநாள் தேவை 1000 மில்லிகிராமுக்கு மேல, அதனால இத மட்டும் நம்பாம எள்ளு, டோஃபு மாதிரி கூட ஏதாவது குடுங்க. அம்மா ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை போடுறவங்கன்னா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, இதுல வைட்டமின் கே நிறைய, அது அந்த மாத்திரையோட வேலையக் கொறைச்சிடும்.

பதில் 3:
நல்லதுன்னு பச்சையா அரைச்சு தினம் ஜூஸ் குடுத்துடாதீங்க ப்ளீஸ். 88 வயசு அம்மா ஒருத்தங்க தினம் ஒரு கிலோவுக்கு மேல பச்சையாவே மாசக்கணக்கா சாப்பிட்டு தைராய்டு கெட்டு கோமாவுக்கே போனது 2010ல மருத்துவ இதழ்ல வந்துச்சு. அது ரொம்ப அதிகமான அளவு, சமைச்சு சாப்பிட்டா பயமில்ல. குட்டி பாக் சோய் கெடைச்சா நீளவாக்குல ரெண்டா கீறி, இஞ்சி போட்ட சூப் கொதிக்கும்போது கடைசி ரெண்டு நிமிஷம் போடுங்க, வயசானவங்களுக்கு மெல்லவும் ஈசி.

கேள்வி கேட்டவர்:
எல்லாருக்கும் நன்றிங்க. அம்மா வார்ஃபரின் எடுக்கல. இன்னைக்கு தண்டு முதல்ல, இலை அப்புறம்னு செஞ்சேன், தண்ணியே விடல, அம்மா இன்னும் கொஞ்சம் வைன்னு கேட்டு சாப்ட்டாங்க.