ஒரு மணி நேர வாக்கிங்கும் லண்டன் கண்டக்டரும்

பரங்கிமலை பாலு:
நம்ம ஃபோரத்துல சுகர் வியாதி பத்தின திரியில ஒரு மேதாவி வந்து "காலைல ஒரு மணி நேரம் வாக்கிங் போயிட்டா போதும், அப்புறம் ராத்திரி வரைக்கும் சேர்ல உக்காந்தாலும் ஒண்ணும் ஆகாது"ன்னு போட்டுட்டுப் போயிருக்கார், அதுக்கு கைதட்டல் வேற. எரிச்சல் தாங்காமதான் இந்தத் தனித் திரி. 1953லயே ஜெர்ரி மோரிஸ்னு ஒரு டாக்டர் லண்டன் பஸ் டிரைவர், கண்டக்டர் எல்லாரையும் ஆராய்ஞ்சு லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல எழுதியாச்சு. ரெண்டு பேரும் ஒரே பஸ், ஒரே ரூட்டு. ஷிப்டு பூரா உக்காந்து ஓட்டின டிரைவருக்கு மாரடைப்பு ஜாஸ்தி, டபுள் டெக்கர்ல நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்கின கண்டக்டருக்கு கம்மி. உக்கார்றதுதான் எமன். ஷூ மாட்டினா எமன் ஓடிருவானா?

ஓஎம்ஆர் ஓரமா:
அந்த மேதாவி நான்தான் சார், பேர் சொல்லியே திட்டலாம். 2016ல அதே லான்செட்ல 10 லட்சம் பேருக்கு மேல டேட்டா சேர்த்துப் பாத்திருக்காங்க. தினமும் 60லேர்ந்து 75 நிமிஷம் விறுவிறுன்னு நடந்தா, 8 மணி நேரத்துக்கு மேல உக்கார்றதால வர்ற கூடுதல் ரிஸ்க் காணாமப் போகுதாம். நீங்க இன்னும் பிளாக் அண்ட் வொயிட் காலத்து கண்டக்டரையே புடிச்சுத் தொங்கிட்டிருக்கீங்க.

கொங்கு குசும்பன்:
ஏனுங் பாலு, உங்க மெட்ராஸ் கண்டக்டர் எந்தப் படி ஏறுறாருங்க? நான் வந்தப்பல்லாம் பின் கதவுப் பக்கம் சீட்டுல சிங்காசனம் போட்ட மாதிரி உக்காந்திருக்காரு, காசு பத்து கை மாறிப் போகுது, டிக்கெட்டு பத்து கை மாறி வருது. எங்கூர்ல கண்டக்டரு கூட்டத்துக்குள்ள நெருக்கியடிச்சு வந்து வாங்குவாருங்க. அப்ப மெட்ராஸ் கண்டக்டரு உங்க கணக்குல டிரைவருங்களா கண்டக்டருங்களா?

பரங்கிமலை பாலு:
நான் லண்டன்னு எழுதினேன், கண்ணாடி போட்டுட்டுப் படிங்க. மெட்ராஸ்லயும் ஒரு காலத்துல டபுள் டெக்கர் ஓடுச்சு, கண்டக்டர் மேல ஏறித்தான் டிக்கெட் குடுத்தார், நானே பாத்திருக்கேன். ஓஎம்ஆர் தம்பிக்கு: நீங்க சொன்ன அதே 2016 பேப்பர்ல, நல்லா எக்சர்சைஸ் பண்றவங்களுக்கே டிவி முன்னாடி 5 மணி நேரத்துக்கு மேல உக்காந்தா ரிஸ்க் போகலன்னு இருக்கே, அந்தப் பத்திய மட்டும் ஏன் முழுங்கிட்டீங்க? நாட்டுச்சர்க்கரை திரியிலயும் இப்படித்தான் பாதி படிச்சுட்டு வந்து அடி வாங்கினீங்க.

ஓஎம்ஆர் ஓரமா:
நாட்டுச்சர்க்கரை மேட்டர்ல அடி வாங்கினது யாருன்னு எல்லாருக்கும் தெரியும். டிவி பாக்கறவன் நொறுக்குத்தீனியும் திங்கறான், அதை விடுங்க. உங்க மோரிஸே 1956ல யூனிஃபார்ம் பேன்ட் அளவ எடுத்துப் பாத்தார் தெரியுமா? சின்ன வயசு டிரைவருங்களுக்கே கண்டக்டர விட இடுப்பு பெருசு. அப்போ குண்டா இருக்கறவன்தான் டிரைவர் வேலைக்குப் போனானோ என்னவோ, சீட்டு மேல ஏன் பழி?

டெப்போ வீட்டுப் பிள்ளை:
எங்க அப்பா ரிட்டயர்டு கண்டக்டர், மெட்ராஸ்லதான். சிங்காசனமாம்! காலைல நாலு மணிக்கு முதல் ட்ரிப்புக்குப் போய் நின்னு பாருங்க கொங்கு சார், அப்புறம் பேசுங்க. பீக் அவர்ல அவருக்கே உக்கார இடம் இருக்காது.

கொங்கு குசும்பன்:
கோவிச்சுக்காதீங் தம்பி, அப்பாவ சொல்லலீங்க. ஆனா சீட்டு இருக்குதா இல்லீங்களா? அத மட்டும் சொல்லுங்க.

மதுரை ஜெயா:
நான் ஒரு கேள்வி கேக்கலாமா? ஜவுளிக்கடையில சேல்ஸ் வேலை பாத்தவ நான். காலைல பத்து மணிக்கு ஏறி நின்னா ராத்திரி வரைக்கும் நின்ன நிலைதான், இப்ப காலெல்லாம் நரம்பு சுருட்டிக்கிட்டுக் கெடக்கு. உக்கார்றது எமன்னா நான் நூறு வயசு வரைக்கும் இருக்கணுமே? தமிழ்நாட்டுல 2021ல கடை ஊழியருக்கு உக்கார இடம் குடுக்கணும்னு சட்டமே திருத்தினாங்க, கேரளாவுல அதுக்கும் முன்னாடியே வந்துருச்சு. ஸ்டூல் போட்டாங்க, உக்காந்தா சூப்பர்வைசர் முறைப்பாரு. ஏசி ரூம்ல உக்காந்து உக்காந்து சலிச்சவங்கதான் இங்க எமனப் பத்திப் பேசுறாக.

பரங்கிமலை பாலு:
அம்மா, சும்மா நிக்கறது வேற, நடமாடறது வேற. அதைத்தான் கண்டக்டர் உதாரணம் சொல்லுது. கண்டக்டர் நிக்கல, ஏறி இறங்கினார். ஒரு நாளைக்கு 500லேர்ந்து 750 படி. திரும்பவும் சொல்றேன், படி. இதைக்கூட புரிஞ்சுக்காம கொங்குக்காரர் சீட்டு சீட்டுன்னு கத்திட்டிருக்கார்.

ஓஎம்ஆர் ஓரமா:
அட, இப்பதான் விஷயத்துக்கு வந்தீங்க. ஏறி இறங்கினதுதான் காப்பாத்துச்சுன்னா அது எக்சர்சைஸ் தானே, நான் காலைல பண்றதும் அதானே?

பரங்கிமலை பாலு:
இல்லவே இல்ல. அவர் ஷிப்டு பூரா ஏறினார், நீங்க ஆறு மணிக்கு பீச்ல நடந்துட்டு நேரா போய் ரெண்டு பொங்கல் வடையோட லேப்டாப் முன்னாடி குந்தறீங்க. ஒரு நாள்ல நடுநடுவுல எத்தனை தடவ எந்திரிச்சோம்ங்கறதுதான் கணக்கு. உலக சுகாதார நிறுவனமே 2020 வழிகாட்டுதல்ல வாரத்துக்கு 150 நிமிஷத்துலேர்ந்து 300 நிமிஷம்னு சொன்னதோட நிறுத்தல, உக்கார்ற நேரத்தைக் குறைன்னு தனியா சொல்லிருக்கு. தனியா!

ஓஎம்ஆர் ஓரமா:
குறைன்னுதான் சொல்லுச்சு, இத்தனை மணி நேரம்தான்னு நம்பர் குடுத்துச்சா? குடுக்கல. ஏன்னா அவங்களுக்கே அந்த அளவு ஆதாரம் இல்ல. என் வடைய எண்ணாதீங்க.

டெப்போ வீட்டுப் பிள்ளை:
எங்க அப்பாகிட்ட இப்பதான் போன் பண்ணிக் கேட்டேன். சீட்டு இருந்துச்சாம், ஆனா டிக்கெட் ரேட்டு மாறற ஸ்டேஜ் வந்தா எந்திரிச்சுத்தான் ஆகணுமாம். கொங்கு சாருக்கு போதுமா?

கொங்கு குசும்பன்:
பாத்தீங்களா, சீட்டு இருந்துச்சுங்க! நான் என்னங்க சொன்னேன்? மூணு ரூபா மீதி தர மாட்டாரு, எந்திரிச்சு வேற வந்துருவாராக்கும்.

டெப்போ வீட்டுப் பிள்ளை:
அஞ்சு ரூபா டிக்கெட்டுக்கு ஐநூறு ரூபா நீட்டுறது உங்க ஆளுங்கதான். சில்லறை என்ன மரத்துலயா காய்க்குது?

மதுரை ஜெயா:
நான் கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லல.

பரங்கிமலை பாலு:
சொல்லிட்டேனேம்மா, மேல போய்ப் படிங்க, படி ஏறணும். சில்லறை ஆசாமிங்க வேற திரி ஆரம்பிச்சுக்கோங்க, இது என் திரி. தம்பி ஓஎம்ஆர், அந்த டிவி பத்திக்கு இன்னும் பதில் வரல, நான் விடறதா இல்ல.

கொங்கு குசும்பன்:
மீதி மூணு ரூபாய்க்கும் பதில் வரலீங்க.