டாபர்மேன் நாய்க்கும் மனிதனுக்கும் ஒரே தூக்க நோயா?

கேள்வி: சிரித்தால் முழங்கால் தளர்ந்து விழுகிற நார்கோலெப்சி நோய்க்கு டாபர்மேன் நாய்களை வைத்துத்தான் காரணம் பிடித்தார்களாமே, நிஜமா, வாட்ஸ்அப் கதையா?

பதில் 1: நிஜம்தாங்க. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இந்த நோயுள்ள டாபர்மேன் நாய்களைப் பல வருடம் வளர்த்தார்கள். பிடித்த சாப்பாட்டை வைத்தால் போதும், தின்னும்போதே சந்தோஷத்தில் பின்னங்கால் மடங்கிச் சரிந்துவிடும், கொஞ்ச நேரத்தில் எழுந்து மறுபடி சாப்பாட்டுக்கே போகும், பாவம். 1999இல் அங்கே இம்மானுவேல் மின்யோ என்ற ஆய்வாளரின் குழு, விழித்திருக்க வைக்கும் ஹைப்போகிரெட்டின் என்ற மூளை வேதிப்பொருளைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியின் மரபணுவில் கோளாறு இருப்பதைக் கண்டுபிடித்தது.

பதில் 2: ஆனால் அது நாய்க்கு. நமக்குப் பெரும்பாலும் அந்த மரபணு சரியாகத்தான் இருக்கும், ஹைப்போகிரெட்டினைச் சுரக்கும் மூளை செல்களே அழிந்துபோகின்றன. அங்கே பூட்டு கெட்டது, இங்கே சாவி தொலைந்தது.

கேட்டவர்: சரி, அப்போ மருந்து?

பதில் 2: விழித்திருக்க மோடஃபினில் தருவார்கள். அது அறிகுறிக்குத்தான். ஏற்பியையே நேரடியாகத் தூண்டும் மருந்துகளுக்கான ஆராய்ச்சிக்கு இந்த நாய்களும் வழிகாட்டின.