அருங்காட்சியகத்தில் நடப்பதை இதயத்துக்கான பயிற்சியாகக் கொள்ளலாமா?

கேள்வி

வணக்கம். நாற்பதைக் கடந்தவன், நாள் முழுவதும் கணினியின் முன் அமர்ந்து செய்யும் வேலை. அண்மையில் நடந்த உடல் பரிசோதனையில் இரத்த அழுத்தம் வரம்பைத் தொட்டு நிற்பதாகச் சொன்ன மருத்துவர், மருந்து தொடங்குவதற்கு முன் சில மாதங்கள் முறையாகக் கார்டியோ பயிற்சி செய்து பார்க்கலாம் என்றார். டிரெட்மில்லில் ஓடிப் பார்த்தேன். ஒரே இடத்தில் ஓடிக்கொண்டிருப்பதில் மனம் ஒட்டவே இல்லை.

எனக்கு உள்ளபடியே ஈடுபாடு இருப்பது அருங்காட்சியகங்களில். நகரத்தில் வசிப்பதால் அவற்றுக்குக் குறைவில்லை. விடுமுறை நாளில் உள்ளே நுழைந்தால் மூன்று நான்கு மணி நேரம் போவதே தெரியாது. வெளியே வரும்போது கைப்பேசியில் அடிகளின் எண்ணிக்கை பத்தாயிரத்தை நெருங்கியிருக்கும், கால்களும் நன்றாக வலிக்கும். இவ்வளவு நடந்த பிறகு அதையே என் வாராந்தரப் பயிற்சியாகக் கொள்ளலாமா என்பதுதான் என் முதல் கேள்வி. முடியாது என்றால், இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்வது நல்லதா, எதை முதலில் செய்ய வேண்டும்? அருங்காட்சியகத்துக்குப் போவதாலேயே உடலுக்கும் மனத்துக்கும் நன்மை உண்டு என்றும் அடிக்கடி படிக்கிறேன். அதற்கு ஆய்வு அடிப்படை இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

வணக்கம் நண்பரே. இயன்முறை மருத்துவத் துறையில் பணியாற்றுகிறேன். முதல் கேள்விக்கு என் பதில்: கொள்ள முடியாது. கால் வலிப்பதும் இதயத்துக்கு வேலை கிடைப்பதும் வேறு வேறு.

கார்டியோ பயிற்சியில் முக்கியமானது எத்தனை அடி வைத்தோம் என்பதைவிட, இதயம் எவ்வளவு நேரம் இடைவிடாமல் வழக்கத்தைக் காட்டிலும் வேகமாகத் துடித்தது என்பதே. பெரியவர்களுக்கு நிமிடத்துக்குச் சுமார் 100 அடிகள் என்ற வேகத்தில்தான் நடை மிதமான பயிற்சியாக மாறத் தொடங்குகிறது. அருங்காட்சியகத்தில் நீங்கள் நான்கு அடி வைத்து நின்று, விளக்கப் பலகையைப் படித்து, பிறகு பக்கவாட்டில் இரண்டு அடி நகர்கிறீர்கள். நாடித்துடிப்பு ஓய்வு நிலையைவிடச் சற்றே கூடியிருக்கும், அவ்வளவுதான். நாற்காலியில் அமர்ந்திருப்பதைவிட இது மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் உங்கள் மருத்துவர் கேட்டது இதை அல்ல.

உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான பயிற்சியோ, 75 முதல் 150 நிமிடங்கள் கடுமையான பயிற்சியோ செய்ய வேண்டும். இரண்டையும் கலந்தும் செய்யலாம். ஒரே மூச்சில் குறைந்தது பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்று முன்பு இருந்த நிபந்தனையை அப்போது நீக்கிவிட்டார்கள். ஆகவே மின்தூக்கியை விட்டுவிட்டு ஏறுகிற படிக்கட்டும் இப்போது கணக்கில் சேரும். வேகம் போதுமா என்று அறியக் கருவி எதுவும் வேண்டாம்: நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. சில சொற்களுக்கு மேல் பேச முடியாமல் மூச்சு வாங்கினால் அது கடுமையான பயிற்சி.

இரத்த அழுத்தம் எப்படிக் குறைகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பயிற்சியின் மீது நம்பிக்கை வரும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். இரத்தம் வேகமாக ஓடும்போது நாளங்களின் உட்சுவரில் நைட்ரிக் ஆக்சைடு கூடுதலாகச் சுரந்து, நாளத்தைத் தளர்த்தி விரியச் செய்கிறது. வாரக்கணக்கில் தொடர்ந்தால் இதயம் ஒரு துடிப்புக்கு வெளியேற்றும் இரத்தத்தின் அளவு கூடுகிறது. அதனால் ஓய்வில் இருக்கும்போது முன்பைவிடக் குறைவாகத் துடித்தே உடலுக்கு வேண்டியதைக் கொடுத்துவிடுகிறது. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு முறையான கார்டியோ பயிற்சியால் மேல் அளவு 5 முதல் 8 புள்ளிகள் வரை குறையலாம். வரம்பில் நிற்கும் உங்களைப் போன்றவருக்கு அதில் ஒரு பகுதி கிடைத்தாலும் பயன்தான்.

உடலுழைப்புக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராயும் துறையின் தொடக்கமே ஒரு பெருநகரத்தின் அன்றாட வாழ்க்கையிலிருந்து வந்தது. லண்டனின் இரண்டடுக்குப் பேருந்துகளில் நாள் முழுவதும் அமர்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களையும், மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்த நடத்துநர்களையும் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் ஒப்பிட்டு, நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக வருவதை 1953இல் வெளியிட்டார். அவர்கள் எவரும் உடற்பயிற்சி என்று தனியாக எதுவும் செய்யவில்லை. வேலையே அப்படி அமைந்திருந்தது. நீங்களும் அப்படி அமைத்துக்கொள்ளலாம். அருங்காட்சியகத்துக்கு முப்பது நாற்பது நிமிட நடைத் தொலைவில் பேருந்தை விட்டு இறங்கி, அங்கிருந்து வேகநடையாகச் செல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கை. வேகமாக நடந்து வந்த கையோடு உள்ளே போய்ச் சிலைபோல நிற்காதீர்கள். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கும்; விரிந்த நாளங்களோடு திடீரென்று நின்றுவிட்டால் இரத்தம் கால்களிலேயே தங்கி, தலை சுற்றும். கடைசி ஐந்து பத்து நிமிடங்கள் நடையைத் தளர்த்திக்கொண்டே வாருங்கள். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ வலியோ தோன்றினால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு மருத்துவ உதவியை நாடுங்கள்.

மறுமொழி 2

அருங்காட்சியகம் ஒன்றில் பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லும் பணியில் இருக்கிறேன். மேலே சொன்ன அனைத்தையும் ஏற்கிறேன். உள்ளே நடப்பதைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

மூன்று நான்கு மணி நேரம் பார்க்கிறேன், கால் வலிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சோர்வு நூறாண்டுக்கு மேலாக ஆராயப்படுவது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன், காட்சிப் பெட்டியிலுள்ள பொருளைப் பார்க்க ஒருவர் எப்படியெல்லாம் குனிந்தும் வளைந்தும் எட்டியும் நிற்க வேண்டியிருக்கிறது என்பதைப் படம் எடுத்து, 1916இல் ஒரு கட்டுரையே எழுதினார். கடினமான தரை, மெதுவான நடை, அடிக்கடி நின்று குனிவது, ஒவ்வொரு பொருளுக்கும் கவனத்தைப் புதிதாகத் திருப்புவது எல்லாம் சேர்ந்துதான் அந்தக் களைப்பு. இடுப்பும் முதுகும் படும் இந்தப் பாட்டை உடற்பயிற்சியின் பலனாக எண்ணிவிட வேண்டாம்.

களைப்பு வந்ததும் பார்வை மேம்போக்காகிவிடும். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வில், புகழ்பெற்ற ஓவியங்களின் முன்னால்கூடப் பார்வையாளர்கள் சராசரியாக 27 விநாடிகளே நின்றார்கள். பாதிப்பேர் 17 விநாடிகளைக்கூடத் தாண்டவில்லை. இதை நான் ஒவ்வொரு நாளும் கண்ணால் காண்கிறேன், வருத்தமாகவே இருக்கிறது. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு மட்டும் ஏறத்தாழ 35,000 படைப்புகள் இருக்கின்றன. அத்தனையையும் பார்த்துவிட முயல்கிறவர் வாசலுக்கு வரும்போது ஒன்றையும் நினைவில் வைத்திருக்க மாட்டார்.

ஆகவே ஒரு வருகைக்கு ஓர் அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய் அகன்ற பழைய மண்கலம் ஒன்றின் முன் பத்து நிமிடம் இருந்து பாருங்கள். முதல் நிமிடத்தில் அது வெறும் பானை. சற்றுக் குனிந்து உட்புறத்தைப் பார்த்தால், அடியிலிருந்து வாய்வரை சுருள் சுருளாக ஏறும் மெல்லிய வரிகள் தெரியும். அவை சக்கரம் சுழன்றபோது குயவரின் விரல் அழுத்திச் சென்ற தடம். வரிகளின் இடைவெளி ஓரிடத்தில் அகன்றிருந்தால் அங்கே கை வேகமாக மேலே எழும்பியிருக்கிறது என்று பொருள். வெளிப்புறத்தை வழவழப்பாகத் தேய்த்து முடித்தவர் உட்புறத்தை அப்படியே விட்டிருக்கிறார், யாரும் பார்க்கப் போவதில்லை என்பதால். இவ்வளவும் அந்த ஒரு கலத்திலேயே இருக்கிறது, நின்று பார்ப்பவருக்கு.

எதை முதலில் செய்வது என்று கேட்டீர்கள். நடையை முதலில் வையுங்கள். மிதமான பயிற்சிக்குப் பிறகு சிறிது நேரத்துக்குக் கவனம் ஓரளவு கூர்மையாக இருக்கும். மாறாக, அருங்காட்சியகத்தில் களைத்த கால்களோடு வேகநடை வராது. நுழைந்தவுடன் கழிவறைக்குச் சென்று வியர்வையைத் துடைத்து, வேண்டிய அளவு தண்ணீர் குடித்துவிடுங்கள். பெரும்பாலான காட்சிக்கூடங்களுக்குள் தண்ணீர் அனுமதிக்கப்படுவதில்லை. அடுத்து, கண்ணுக்கு நேரம் கொடுங்கள். நீர்வண்ண ஓவியம், துணி, பழைய ஏடு முதலியவை நிறம் மங்கிவிடாமல் இருக்க அந்த அறைகளில் வெளிச்சத்தை 50 லக்ஸ் அளவில்தான் வைப்பது வழக்கம். வெளியே வெயிலில் அது பல்லாயிரம் லக்ஸ். வெயிலிலிருந்து வந்தவருக்கு ஓவியம் முதலில் இருட்டாகத் தெரிவது இயல்பு. சில நிமிடங்கள் இருக்கையில் அமர்ந்திருந்தால் கண் பழகுவதோடு மூச்சும் சீராகிவிடும்.

மறுமொழி 3

கடைசிக் கேள்விக்கு யாரும் இன்னும் பதில் தரவில்லை என்பதால் எழுதுகிறேன். புள்ளியியல் கற்பிப்பவன் நான். இந்த ஆய்வுகளைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

அதிகம் பேசப்படுவது 2019இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வு. இங்கிலாந்தில் ஐம்பது வயதைக் கடந்த 6,710 பேரை ஏறத்தாழ 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், அருங்காட்சியகம், கலைக்கூடம், நாடகம், இசை நிகழ்ச்சி முதலியவற்றுக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறையாவது சென்றவர்கள் அந்தக் காலத்தில் இறக்கும் வாய்ப்பு, ஒருபோதும் செல்லாதவர்களைவிட 31 விழுக்காடு குறைவாக இருந்தது. ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் சென்றவர்களுக்கு 14 விழுக்காடு குறைவு. அருங்காட்சியகத்தால் ஆயுள் நீள்கிறது என்று இதைச் செய்தியாக்கினால் அது ஆய்வு சொல்லாத ஒன்று. கலை நிகழ்ச்சிகளுக்குப் போகிறவர்களிடம் பொதுவாகப் பணமும் ஓய்வும் நடமாடும் வலுவும் கூடுதலாக இருக்கும். ஆய்வாளர்கள் செல்வம், கல்வி, உடல்நிலை ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் தொடர்பு மறையவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஆயினும் இது கவனித்துப் பார்த்த ஆய்வே தவிர, சோதித்துப் பார்த்த ஆய்வு அன்று.

உடற்பயிற்சியின் பக்கம் சான்று வேறு தரத்தில் இருக்கிறது. 55 முதல் 80 வயதுக்கு உட்பட்ட 120 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வாரத்துக்கு மூன்று நாள் வேகநடையும் மற்றதற்குத் தசை நீட்டும் பயிற்சியும் ஓராண்டுக்குக் கொடுத்தார்கள். நடந்தவர்களின் மூளையில் நினைவாற்றலுக்குரிய ஹிப்போகாம்பஸ் பகுதி சுமார் 2 விழுக்காடு பெருத்தது; மற்றக் குழுவில் அது சுருங்கியது. 2011இல் வெளியான இந்த ஆய்வில் யார் நடக்க வேண்டும் என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது, அவரவர் வசதி முடிவு செய்யவில்லை. அதனால்தான் இதை நான் கூடுதலாக நம்புகிறேன்.

இதைச் சொல்வது உங்களை அருங்காட்சியகத்திலிருந்து விலக்குவதற்காக அல்ல. கனடாவின் மாண்ட்ரியல் நுண்கலை அருங்காட்சியகத்துக்கு நோயாளிகளை இலவசமாக அனுப்பும் சீட்டை மருத்துவர்களே எழுதிக்கொடுக்கும் திட்டம் 2018இல் தொடங்கியது. தனிமையும் மன அழுத்தமும் உள்ளவருக்கு அமைதியான இடமும் ஈர்ப்பான பொருளும் வெளியே போக ஒரு காரணமும் கிடைப்பது சிறிய விஷயமன்று. ஆனால் உங்கள் இரத்த அழுத்தத்துக்கான பயிற்சியின் இடத்தில் அதை வைக்க வேண்டாம். அருங்காட்சியகம் பிடித்திருக்கிறது என்பதே அங்கே போகப் போதுமான காரணம். அதற்கு மருத்துவச் சான்று தேவையில்லை.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நடந்து செல்வது எனக்கு ஒத்துவரும் என்று தோன்றுகிறது. இரண்டு ஐயங்கள் மட்டும் மீதமிருக்கின்றன. வேலை நாட்களில் நேரம் கிடைப்பது அரிது என்பதால், விடுமுறை நாளில் நீண்ட நேரம் நடந்து வாரக் கணக்கை முடித்துவிடலாமா? அருங்காட்சியகத்துக்குப் போகும் வழி வாகன நெரிசல் மிகுந்த சாலை. அந்தப் புகையில் வேகமாக மூச்சு வாங்கி நடப்பது கெடுதலாகாதா?

மறுமொழி 1 எழுதியவர்

பிரிட்டனில் ஏறத்தாழ 90,000 பேரின் மணிக்கட்டில் கருவி பொருத்தி அளந்து 2023இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சியின் பெரும்பகுதியை வாரத்தில் ஓரிரு நாட்களுக்குள் முடித்தவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றின் வாய்ப்பு, பரவலாகச் செய்தவர்களுக்கு ஒப்பாகவே குறைந்திருந்தது. ஆகவே ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட அது மிகவும் மேல். ஆயினும் உங்களுக்கு மட்டும் நான் வேறு மாதிரி சொல்வேன். ஒருமுறை நடந்த பிறகு இரத்த அழுத்தம் சற்றுக் குறைந்து நிற்பது சில மணி நேரம் முதல் அதிகபட்சம் ஒரு நாள் அளவுக்குத்தான். அந்தப் பலன் வேண்டுமென்றால், வேலை நாட்களிலும் இருபது நிமிட நடையாவது இடையிடையே இருக்க வேண்டும். இதுவரை பழக்கமில்லாத உடலை ஒரே நாளில் இரண்டரை மணி நேரம் விரட்டினால் முழங்காலும் குதிகாலும் முதலில் முறையிடும். சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு போங்கள்.

புகையைப் பற்றிய கவலை நியாயமானது. மூச்சு வாங்கும்போது உள்ளே போகும் காற்றின் அளவு பல மடங்காகிறது. பெருஞ்சாலையை விட்டு ஒரு தெரு உள்ளே தள்ளி இணையாகச் செல்லும் பாதை பெரும்பாலும் இருக்கும். அங்கே மாசு கண்கூடாகக் குறைவு. அருங்காட்சியகம் திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேரும்படி விடுமுறைக் காலையில் கிளம்பினால் நெரிசலும் இராது, அறைகளிலும் கூட்டம் குறைந்திருக்கும்.

வீட்டில் இரத்த அழுத்தத்தை அளப்பதாக இருந்தால், நடந்து வந்தவுடன் அளக்காதீர்கள். அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. காலையில் நடைக்கு முன்பாக, ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, பேசாமல் அமர்ந்திருந்து, கையை நெஞ்சின் உயரத்தில் வைத்து அளந்து, தேதியோடு குறித்து வைத்து, அடுத்த முறை மருத்துவரிடம் அந்தக் குறிப்பையே காட்டுங்கள்.