ஆலை வாயிலில் வைக்கும் பதாகையில் எந்த வாழ்த்தை எழுதுவது?

கேள்வி: மாங்கூழ் அலுவலகம், கிருஷ்ணகிரி

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரிக்கு அருகில் மாங்கூழ் ஏற்றுமதி செய்யும் ஓர் ஆலையில் கடிதப் போக்குவரத்தைக் கவனித்து வருகிறேன். எங்கள் பரபரப்பெல்லாம் பெங்களூரா மாங்காய் லாரிகளில் வந்திறங்கும் மாதங்களோடு முடிந்துவிடும். டிசம்பரில் மிஞ்சுவது கணக்கும் வாழ்த்து அட்டையும்தான். அந்த அட்டையில்தான் இரண்டு ஆண்டுகளாகத் தடுமாறுகிறேன்.

முந்தைய ஆண்டு, தாடிவைத்த கிறிஸ்துமஸ் தாத்தா படத்துடன் "மெரி கிறிஸ்மஸ்" என்று எழுதி எல்லா வாடிக்கையாளர்களுக்கும் ஒரே சொடுக்கில் அனுப்பிவிட்டேன். ஜித்தாவில் உள்ள வணிகர், "நன்றி, நான் கிறிஸ்தவன் அல்லன், நீங்களும் அல்லர் என்றே நினைத்திருந்தேன்" என்று பதில் எழுதினார். அந்த வெட்கத்தில் சென்ற ஆண்டு "சீசன்ஸ் கிரீட்டிங்ஸ்" என்று பொதுவாக அனுப்பினேன். உடனே டெக்சஸிலிருந்து ஒற்றை வரி வந்தது: "எங்கள் ஊரில் மெரி கிறிஸ்மஸ் என்றுதான் சொல்வோம்."

வாயிலில் கட்டிய பதாகையிலும் அதே முறையில் "பண்டிகைக் கால நல்வாழ்த்துகள்" என்று அச்சிட்டிருந்தோம். எங்கள் ஆய்வகத்தில் கூழின் இனிப்பளவைச் சோதிக்கும், எலத்தகிரியைச் சேர்ந்த கிறிஸ்தவப் பெண்மணி அதை நிமிர்ந்து பார்த்து, "எந்தப் பண்டிகை சார்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, அதனால்தான் எனக்குப் பதில் வரவில்லை. இந்த ஆண்டு என்ன எழுதலாம்?

பதில் 1: ஓசூர்வாசி

நியூஜெர்சியில் ஒன்பது ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பியவன் என்பதால், டெக்சஸ்காரரின் ஒற்றை வரிக்குப் பின்னால் இருக்கும் சண்டையை ஓரளவு அறிவேன். அங்கே கிறிஸ்துமஸை ஒட்டியே யூதர்களின் எட்டு நாள் ஹனுக்காவும் பெரும்பாலும் வரும். கறுப்பின மக்களுக்காக 1966இல் தொடங்கப்பட்ட குவான்சா டிசம்பர் 26 முதல் ஜனவரி 1 வரை நடக்கும். எதிரில் நிற்பவர் எதைக் கொண்டாடுகிறார் என்று தெரியாத கடைக்காரர் "ஹேப்பி ஹாலிடேஸ்" என்கிறார். அது கிறிஸ்துவைத் துரத்தும் சூழ்ச்சி என்று ஒரு சாரார் ஆண்டுதோறும் கிளம்புவார்கள். 2015இல் ஸ்டார்பக்ஸ் தன் கோப்பையை அலங்காரமின்றி வெறும் சிவப்பாக வெளியிட்டதற்கே பெரிய ரகளை நடந்தது. 2005இல் அதிபர் புஷ் அனுப்பிய அட்டையில் கிறிஸ்துமஸ் என்ற சொல் இல்லையென்று அவருடைய ஆதரவாளர்களே முணுமுணுத்தனர்; ஆனால் 1950களில் ஐசன்ஹோவரின் வெள்ளை மாளிகை அட்டையிலேயே "சீசன்ஸ் கிரீட்டிங்ஸ்" இருந்தது.

இதில் எனக்குச் சிரிப்பு வரவழைப்பது வேறொன்று. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். அந்தச் சட்டத்தைப் போட்டவர்கள் தீவிரக் கிறிஸ்தவர்களான பியூரிட்டன்கள். ஆகவே "காலங்காலமாக இப்படித்தான்" என்று எவரும் மார்தட்ட இடமில்லை.

ஆனால் அந்தச் சண்டையை நாம் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. "ஹேப்பி ஹாலிடேஸ்" என்பதை "இனிய விடுமுறை வாழ்த்துகள்" என்று எழுதிப் பாருங்கள்; அரையாண்டுத் தேர்வு முடிந்த பிள்ளைகளுக்குத் தலைமையாசிரியர் சொல்வது போல இருக்கும்.

பதில் 2: எலத்தகிரி ஆசிரியை

ஐயா, அந்தச் சகோதரி எங்கள் ஊர்க்காரர் என்பதால் எழுதுகிறேன். பிற சமயத்தவர் எங்களைக் கிறிஸ்துவின் பெயர் சொல்லித்தான் வாழ்த்த வேண்டும் என்று நாங்கள் ஒருபோதும் கேட்டதில்லை. அப்படி வற்புறுத்திப் பெறும் வாழ்த்து எங்கள் குடிலில் வைக்கோலுக்குக்கூட உதவாது. ஆனால் காகித நட்சத்திரத்தைத் தொங்கவிட்டு, கேக்கையும் வெட்டிவிட்டு, விழாவின் பெயரை மட்டும் விழுங்கிவிடுவது, கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு மாப்பிள்ளை பெயரைக் கேட்காமல் கிளம்புவது போன்றது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கத்தோலிக்க வழிபாட்டில் டிசம்பரின் பெரும்பகுதி கிறிஸ்துமஸ் காலமே அன்று. அது கிறிஸ்து பிறப்புக்காகக் காத்திருக்கும், நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலம். குருவானவர் ஊதா உடையில் நிற்பார், "உன்னதங்களிலே" பாடல் ஞாயிறுத் திருப்பலியில் ஒலிக்காது. எங்கள் விழா 24ஆம் தேதி இரவில்தான் தொடங்குகிறது. டிசம்பர் முதல் தேதியிலிருந்தே "மெரி கிறிஸ்மஸ் என்று சொல்" என்று அடம்பிடிப்பவர் திருச்சபையின் நாட்காட்டியைவிடக் கடைவீதியின் நாட்காட்டியையே பின்பற்றுகிறார் என்பது என் எண்ணம்.

பதில் 3: பழையபேட்டை பாய்

சுருக்கமாகச் சொல்கிறேன். பக்ரீத் அன்று என் கடைக்கு வந்து "ரம்ஜான் வாழ்த்துகள் பாய்" என்று கைகொடுத்தவர்கள் பலர். நன்றி சொல்லிப் பிரியாணிக்கு அழைத்திருக்கிறேனே தவிர ஒருவரையும் திருத்தியதில்லை. பெயர் தவறினாலும் என்னைத்தான் நினைத்து வந்தார்கள் அல்லவா? "பண்டிகைக் கால" என்று தொடங்கும் எதையும் படித்தால், அடுத்து "சிறப்புத் தள்ளுபடி" வரும் என்றே என் கண் தேடுகிறது. ஜித்தாக்காரருக்குப் பெருநாள் வரும்போது தனியாக எழுதுங்கள் தம்பி. டிசம்பரில் புத்தாண்டு வாழ்த்து போதும்.

கேள்வி கேட்டவர்: மாங்கூழ் அலுவலகம், கிருஷ்ணகிரி

மூவருக்கும் நன்றி. ஒரே சொடுக்கில் அனுப்பியதுதான் என் பிழை என்று இப்போது புரிகிறது. முகவரிப் பட்டியலைப் பிரித்துவிட்டேன். டெக்சஸ்காரருக்கு அவர் விரும்பிய சொல்லே போகிறது; அவர் கேட்ட தொனி எனக்குப் பிடிக்கவில்லை என்றாலும், அது அவருடைய விழா. ஜித்தாவுக்குப் பாய் சொன்னபடி. எந்தச் சமயம் என்று தெரியாத ராட்டர்டாம் அலுவலகத்துக்குப் பழைய "சீசன்ஸ் கிரீட்டிங்ஸ்" தான். முகம் தெரியாதவர்களுக்கு அதைவிட மரியாதையான சொல் எனக்குத் தெரியவில்லை.

வாயிலில் "கிறிஸ்து பிறப்பு, ஆங்கிலப் புத்தாண்டு, பொங்கல் நல்வாழ்த்துகள்" என்று மூன்றையும் பெயர் சொல்லியே போடுகிறோம். ஃப்ளெக்ஸ் அச்சகத்திலிருந்து வந்த மாதிரியை ஆய்வகச் சகோதரியிடம் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "வாழ்த்துக்கள்" என்பதிலிருந்த "க்"கைப் பேனாவால் சுழித்து, அதை மட்டும் எடுக்கச் சொன்னார்.